இருதயநாதருக்குக் கால் காட்டியவள்

கண் விழித்தபோது முதலில் தெரிந்தவை என் சொந்தக் கால்கள்தான். இரண்டும் சுவரோடு ஒட்டி நேரே மேலே போயிருந்தன. அவற்றுக்கு மேலே திருஇருதய ஆண்டவரின் படம், படத்தின் கீழே எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு பல்ப். நைட்டி முழங்கால் வரை சரிந்திருந்தது. தலையைத் திருப்பினேன். வாசலில் மெழுகுதிரி பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு பெண்கள். பாடிக்கொண்டு வந்த பாட்டு பாதியில் நின்றிருந்தது. அவர்களுக்கு முன்னால், மாதா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்தபடி என் கணவரின் அக்கா, பிலோமினா மச்சாள். எல்லாருக்கும் முன்னால், மோட்டார் சைக்கிளைப் பாதி உள்ளே தள்ளிய நிலையில் என் கணவர் ஜோசப்.

"ஐயோ, ரீட்டா விழுந்திட்டா!" என்றது ஒரு குரல்.

"இல்லயில்ல, கண்ணைத் திறக்கிறா" என்றது இன்னொன்று.

நான் உயிரோடு இருப்பது உறுதியானதும் மச்சாளின் முகம் மாறியது. "என்ன ரீட்டா இது? ஆண்டவருக்கு நேர காலைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறியே! அதுவும் மாதா வீட்டுக்கு வாற நேரத்தில!"

"நித்திரையா இருந்தனான் மச்சாள்."

"நித்திரை கொள்ளுற மாதிரியா இது?"

என் கோபம் அந்தக் கேள்வியில் இல்லை. பன்னிரண்டு பேர் என் முழங்காலைப் பார்த்ததிலும் இல்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு, மாத்திரை இல்லாமல், எனக்குத் தானாக நித்திரை வந்திருந்தது. அதைக் கலைத்துவிட்டார்கள். பாட்டுப் பாடிக் கலைத்தார்கள்! "பாவம், நித்திரையாக்கும், பிறகு வருவம்" என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திகூடச் சொல்லவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை ஜோசப்பைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். இந்தக் கிழமை அது முடியாது.

ஆறரை மணிக்கு வரும் வயிறுகள்

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வெள்ளவத்தையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறேன்.

இரத்தத்தில் சீனி பார்க்க வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். பசித்தவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பதால் நாங்கள் ஆறரைக்கே கதவு திறப்போம். அதற்கு நான் நாலேகாலுக்கு எழும்பி, சோறு கறி வைத்து, முதல் பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தைக் காலி வீதிக்குப் போக வேண்டும். ஆகவே என் நித்திரை ஒன்பது மணிக்குள் தொடங்கியாக வேண்டும். அதற்குமேல் பிந்தினால் மறுநாள் கையில் தெரியும்.

இந்தக் கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்றவர்கள் தடவித் தடவித் தேடுகிற நரம்பு எனக்கு ஒரே தொடுகையில் அகப்படும். என்னிடம் ஊசி போட்ட பிள்ளைகள் அழுதது குறைவு. "அந்த மிஸ்ஸே எடுக்கட்டும்" என்று வரிசையில் பின்வாங்கி நிற்கிற வயதானவர்கள் இருக்கிறார்கள்.

ஐம்பத்திரண்டாவது வயதில், மாதவிடாய் நின்ற காலத்தோடு, நித்திரையும் நின்றது. படுத்தால் கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறும். வியர்க்கும். ஃபேனைக் கூட்டினால் குளிரும். கண் மட்டும் மூடாது. பங்குனியில் தொடங்கியது. ஆவணி வந்தபோது ஒரு சின்னப் பிள்ளையின் கையில் இரண்டு தடவை நரம்பைத் தவறவிட்டேன். பிள்ளையோடு சேர்ந்து நானும் அழாத குறை.

ஆளுக்கொரு புத்திமதி

நித்திரை வராதவளுக்குக் கிடைக்கிற புத்திமதி மாதிரி வேறு எதுவும் இலவசமாகக் கிடைக்காது.

டொக்டர் இரண்டு நிமிடம் செலவழித்தார். "இந்த வயசில இது நோர்மல் அம்மா" என்றார். என்னைவிட இரண்டு வயது கூடின ஜோசப் தலையணையில் தலை படுமுன்பே குறட்டை விடுகிறார். அவருக்கு எது நோர்மல் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. தந்த மாத்திரையை மூன்று இரவு போட்டேன். காலையில் கை என்னுடையது போலவே இல்லை. ஊசி பிடிக்கிறவளுக்கு அது சரிவராது என்று நிறுத்திவிட்டேன்.

ஜோசப் சொன்னது: "ஒண்டையும் யோசிக்காம படு." ஒன்றையும் யோசிக்காமல் படுக்க நான் என்ன ஜோசப்பா?

பிலோமினா மச்சாள் சொன்னது: "செபமாலையச் சொல்லிக்கொண்டு படு. மாதா நித்திரையாக்குவா." சொன்னேன். ஓர் இரவில் மூன்று முழுச் செபமாலை, மன்றாட்டு மாலையோடு. மாதாவுக்கும் எனக்கும் விடிந்ததுதான் மிச்சம்.

பிறகு ஃபோனில் வருகிற வீடியோக்கள். ஏழே நாளில் ஆழ்ந்த நித்திரையாம். ஒல்லியான ஒரு பெண் ஒரு காலைக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். நான் பார்த்தது அவளுடைய காலை அல்ல, அறையை. ஒரு பூச்சட்டி, ஒரு பெரிய ஜன்னல், ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவர். கொட்டாஞ்சேனையில் அப்படி ஒரு சுவர் சொந்தமாக இருக்கிறவளுக்கு நித்திரை வராமல் என்ன!

துஷ்யந்தி தந்த நாலு விஷயம்

எங்கள் நிலையத்துக்கு மேல்மாடியில் உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறார்கள். அங்கே துஷ்யந்தி என்று ஒரு பிள்ளை வேலை செய்கிறாள். வெள்ளவத்தைக்காரி, என் வயதில் பாதி இருக்கும். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, கடைசியா எப்ப ஒழுங்கா நித்திரை கொண்டனீங்க?"

இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் எனக்குப் புத்தி சொல்லாமல் கேள்வி கேட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் என்னை மேலே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கைக்கு முன் செய்கிற யோகாவில் நாலே நாலு விஷயம் காட்டித் தந்தாள்.

உட்கார்ந்து கழுத்தையும் தோளையும் மெதுவாகச் சுற்றுவது. முழங்காலை மடித்து இருந்து குனிந்து நெற்றியைத் தலையணையில் வைப்பது. மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சுவரில் மேலே சாய்த்து வைப்பது, இடுப்புக்குக் கீழே ஒரு மடித்த துவாய். அப்படியே கிடந்து மூச்சை நாலு எண்ணி எடுத்து ஆறு எண்ணி விடுவது. காலைக் கழுத்தில் போடுகிற வேலை எதுவும் இல்லை.

"இதைச் செய்தா நித்திரை வருமா பிள்ளை?"

"வரும் எண்டு சத்தியம் பண்ண மாட்டன் அன்ரி. வேலை முடிஞ்சுது, இனி விடலாம் எண்டு உடம்புக்குச் சொல்லுறம், அவ்வளவுதான். ரெண்டு மூண்டு கிழமை விடாமச் செய்யுங்க. லைட்டைக் குறையுங்க, ஃபோனைத் தள்ளி வையுங்க. உடம்பில எங்கயும் நோ வந்தா நிப்பாட்டுங்க."

சத்தியம் பண்ண மாட்டேன் என்றாளே, அதனால்தான் அவளை நம்பினேன்.

நாலு சுவரும் நாலு சொந்தக்காரரும்

வீட்டுக்கு வந்து சுவர் தேடினேன். அறையில் கட்டிலும் அலுமாரியும் போக மிச்சம் கிடையாது. குசினியில் காலை நீட்டினால் காஸ் சிலிண்டர். இருந்தது ஹோல் மட்டும்.

ஹோலின் முதல் சுவரில் கதவும் ஜன்னலும். இரண்டாவது சுவர் ஃபிரிட்ஜுக்கும் டீவிக்கும். மூன்றாவது ஜோசப்பின் மோட்டார் சைக்கிளுக்கு. எங்கள் குறுகிய ஒழுங்கையில் பைக் வைத்திருக்கிற எல்லாரும் இரவில் அதை ஹோலுக்குள்தான் நிறுத்துவார்கள், வெளியில் விட்டால் விடியும்போது இருக்காது. துறைமுகத்துக்கு ஷிஃப்ட் போகிறவருக்கு அது இல்லாமல் முடியாது என்பதால் முப்பது வருடமாகப் பெற்றோல் மணத்தோடு சாப்பிட்டுப் பழகிவிட்டேன்.

நாலாவது சுவர் ஆண்டவருடையது. எங்கள் கலியாண வருடத்தில் ஜோசப்பின் அப்பா கோயில் சுவாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, "இந்த வீட்டுத் தலைவர் இவர்தான்" என்று சொல்லி மாட்டிய படம். அப்படி நிறுவிய படத்தை நாங்கள் இடம் மாற்றுவதில்லை. அதற்குக் கீழே சாமான் வைப்பதும் இல்லை. ஆகவே வீட்டிலேயே வெறுமையாக இருந்த ஒரே சுவர் அதுதான்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், "ஆண்டவரே, உமக்குத் தெரியாத கால் இல்லை" என்று சொல்லிவிட்டு அங்கேயே படுத்துக் காலைத் தூக்கி வைத்தேன். பெரிய லைட்டை அணைத்தால் அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும் இருந்தது. துஷ்யந்தி கேட்டிருந்த மங்கல் வெளிச்சம் எனக்கு அங்கே தயாராகக் கிடைத்தது.

முதல் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கிழமை கெண்டைக்கால் இளகியது, கொட்டாவி வந்தது. மூன்றாவது கிழமையில் ஒரு மாலை எட்டு மணிக்குப் படுத்தேன். பத்தாவது மூச்சோ பதினைந்தாவது மூச்சோ தெரியாது. அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது மெழுகுதிரிகள்தான்.

சுரூபம் ஏன் அன்றைக்கு வந்தது

ஒக்டோபர் மாதம் முழுக்க எங்கள் ஒழுங்கையில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் மாலை எல்லாரும் பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போய்ச் செபமாலை சொல்லுவோம். யார் வீட்டுக்கு என்றைக்கு என்ற அட்டவணையை வைத்திருப்பவ பிலோமினா மச்சாள். எங்கள் வீட்டு முறை மறுநாள்தான். கடலை அவித்து வைக்கவும் விரிப்புத் தோய்க்கவும் எனக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

எங்களுக்கு முந்தின வீட்டுப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டுவிட்டது. அந்த வீட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதாக மச்சாள் காலையிலேயே ஃபோன் எடுத்திருக்கிறா. எனக்கு அல்ல, தன் தம்பி ஜோசப்புக்கு. தம்பி "ஓம் அக்கா" என்றிருக்கிறார். பிறகு அதை யோசிக்கவில்லை. அவர்தான் ஒன்றையும் யோசிக்காதவர் ஆயிற்றே.

அன்று அந்தக் கூட்டத்தோடு முழங்காலில் நின்று செபமாலையின் ஐந்து பத்துமணியும் சொன்னேன். கண் முழித்துக்கொண்டது. அந்த இரவு முழுக்க மூடவில்லை.

ஹொஸ்டலில் படித்த ஆசனம்

"இது எங்கட சமயத்தில இல்லாத பழக்கம்" என்று மச்சாள் அந்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னா. எனக்கு ஹொஸ்டல் ஞாபகம் வந்தது.

பதினொரு வயதில் என்னைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்த்தார்கள். இரவு லைட் அணைக்கும்போது ஒரு மதர் கட்டில் கட்டிலாக வருவா. எல்லாரும் மல்லாந்து, இரண்டு கையையும் நெஞ்சில் சிலுவையாகப் போட்டு, போர்வைக்கு வெளியே தெரியப் படுக்க வேண்டும். இரவில் செத்துப்போனால் ஆண்டவர் முன்னால் ஒழுங்காகப் போய் நிற்பதற்காம். கை நழுவிய பிள்ளையைத் தட்டி எழுப்பித் திரும்பக் கட்டச் சொல்லுவா. செத்துப்போவேனோ என்ற பயத்தில் நான் எத்தனை இரவு முழித்துக் கிடந்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

சாவதற்காகக் கையைக் கட்டிப் படுப்பது பக்தி. நாலேகாலுக்கு எழும்பி வேலைக்குப் போவதற்காகக் காலைத் தூக்கிப் படுப்பது பாவம். இதை எனக்கு யாராவது விளக்கட்டும்.

"எதுக்கும் ஃபாதரிட்ட ஒருக்கா கேப்பம்" என்றா மச்சாள்.

"கேளுங்க. அவர் எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போறவர் எண்டும் சேத்துக் கேளுங்க" என்றேன்.

இரண்டு குழாய்

அதற்கு முன்பே, அந்த மெழுகுதிரி இரவுக்கு மறுநாள் காலையிலேயே, நடக்க வேண்டியது நடந்துவிட்டது. நிலையத்து வாசலில் இருபது பேர் இருந்தார்கள். ஒரு முதியவரிடம் இரண்டு குழாய் இரத்தம் எடுத்தேன். அவர் எழும்புவதற்கு முன்னால், அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லி, இரண்டிலும் எழுத வேண்டும். இது நான் புதியவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிற பாடம். ஒன்றில் எழுதினேன். மற்றதைத் தட்டில் வைத்துவிட்டேன். அடுத்து வந்தது ஒரு கர்ப்பிணிப் பிள்ளை. அவளுடைய பெயரை அந்தக் குழாயில் எழுதி அனுப்பிவிட்டேன்.

உள்ளே மெஷினில் இருந்தவள் கணக்குப் பார்த்து, முதியவருக்கு ஒன்று குறைகிறது, பிள்ளைக்கு ஒன்று கூடுகிறது என்று ஓடி வந்தாள். இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, இரண்டாம் தடவை குத்தினோம். அவள் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு முதியவரின் சீனி வியாதி போயிருக்கும்.

மனேஜர் நல்ல மனிதர். அதட்டவில்லை. "ஹரியன்னே நே, மிஸ்" என்றார். சிங்களத்தில் சரிவராது என்று அர்த்தம். இன்னொரு தடவை நடந்தால் ஊசியை விட்டுவிட்டுக் கவுண்டரில் உட்கார்ந்து பற்றுத் துண்டு எழுத வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அதனால் அவரைத் திட்டவும் வழியில்லை. பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும் வரை அழுதேன்.

ஊதாத் துணி

பூசை முடிந்த அந்த ஞாயிறு பின்னேரம் மச்சாள் ஒரு தீர்வோடு வீட்டுக்கு வந்தா. இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறா. கணவர் இறந்து ஐந்து வருடம், பிள்ளைகள் இரண்டும் கனடாவில். கையில் மடித்த ஊதாத் துணி.

"தவக்காலத்தில சுரூபங்களை மூடுறம்தானே ரீட்டா. அப்பிடி, நீ அதைச் செய்யிற நேரம் மட்டும் படத்தை மூடிவிடு. பிறகு எடு."

"நல்ல ஐடியா" என்றார் ஜோசப். மோட்டார் சைக்கிளின் இருக்கையில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு என் வாயை என்னால் பிடிக்க முடியவில்லை.

"ஆண்டவரை மூடலாம், என்ன? அந்தப் பைக்கை ரெண்டடி தள்ளுறதுக்கு ஒருத்தருக்கும் மனம் வரேல்ல, ஆண்டவரைத் துணி போட்டு மூடலாம்! இந்த வீட்டில ஃபிரிட்ஜுக்குச் சுவர் இருக்கு. பைக்குக்குச் சுவர் இருக்கு. எனக்கு ஒரு சுவர் இல்ல. இஞ்ச பாருங்க, இண்டைக்கே அதை வெளியில எடுங்க."

"வெளியில விட்டாக் களவு போயிடும் ரீட்டா."

"என்ட நித்திரை களவு போய் ஏழு மாசம். நீங்க பொலிசுக்குப் போனீங்களா?"

நான் மச்சாளிடம் திரும்பினேன்.

"உங்கட ஹோல் பெரிசுதானே மச்சாள். ஆள் நடமாட்டமும் இல்ல. தம்பிட பைக் இரவில அங்க நிக்கட்டும்."

மச்சாள் தம்பியைப் பார்த்தா. தம்பி அக்காவைப் பார்த்தார். ஆண்டவர் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்க ஒரு காரணம் தேடி அகப்படாமல், மச்சாள் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினா. அன்று இரவே பைக் அங்கே போனது.

பைக் நின்ற சுவரில் டயர் தேய்த்த கறுப்புக் கோடு இருக்கிறது, எத்தனை தரம் கழுவியும் போகவில்லை. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் குதிக்காலை வைக்கிறேன். இப்போது தலை ஆண்டவர் பக்கம். எல்லா இரவும் நித்திரை வருகிறது என்று சொல்ல மாட்டேன், அது பொய். கிழமையில் நாலு இரவு வருகிறது, ஐந்து இரவும் வந்திருக்கிறது. குழாய்களில் பெயர் சரியாக ஏறுகிறது. ஊசி என் கையிலேயே இருக்கிறது.

தலையணையோடு வந்தவ

பத்து நாள் போயிருக்கும். எட்டரை மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். மச்சாள் நின்றா.

"உங்கட பைக்கிட பெற்றோல் மணத்தில எனக்கு நித்திரை வருதில்ல."

"காலைச் சுவரில வைச்சுப் பாருங்க மச்சாள்" என்றேன். கேலியாகத்தான் சொன்னேன், மறைக்கவில்லை.

"எந்தச் சுவரில? ஒண்டில மாதா, ஒண்டில அலுமாரி, மற்றதில உங்கட பைக்." குரல் இறங்கியது. "பெற்றோல் வர முந்தியும் இல்ல ரீட்டா. அத்தான் போனதில இருந்தே இல்ல."

அப்போதுதான் அவ கக்கத்தில் தலையணை இருப்பதைக் கண்டேன். செபமாலை சொல்லிக்கொண்டு படு என்று எனக்குப் புத்தி சொன்னவ! ஐந்து வருடமாகத் தனக்கே நித்திரை இல்லாமல் இருந்துகொண்டு, கோயில் வாசலில் என் காலைப் பற்றிக் கதைத்தவ! மன்னிப்பு என்று ஒரு சொல் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

கதவை அகலத் திறந்தேன். துவாயை மடித்துக் கொடுத்தேன். "நாலு எண்ணி எடுங்க, ஆறு எண்ணி விடுங்க. முழங்கால் நொந்தா இறக்குங்க." டயர்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவவுடைய கால், இந்தப் பக்கம் என்னுடையது. பெரிய லைட்டை அணைத்தேன்.

எட்டாவது மூச்சில் குறட்டை வந்தது. எனக்கு மூன்று கிழமை எடுத்தது! ஆத்திரத்தில் எனக்கு வந்துகொண்டிருந்த கொட்டாவியும் போய்விட்டது. கண்ணை விழித்துக்கொண்டு அந்தக் குறட்டையைக் கேட்டபடி கிடந்தேன். பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மெழுகுதிரியோடு பாடி வந்து என்னை எழுப்பியவ இவதான். அந்தப் பாட்டு எனக்கும் முழுதாகத் தெரியும். தொண்டை வரை வந்தது.

நான் எழுப்பவில்லை.